குண்டு வைத்திருந்தால் அடி விழாதா?

2025 ஒக்ரோபர் 30 அன்று ட்ரம்ப் அணுவாயுதப் பரிசோதனையைத் திரும்பத் தொடங்கச் சொன்னதாக அறிவித்தாரே, அன்றிலிருந்து எங்கட ஆக்களுக்குள்ளும் ஒரு கதை ஓடுது. "உக்ரைன்காரன் குண்டைக் குடுத்தான், அடி வாங்கினான். வடகொரியாக்காரன் வச்சிருக்கிறான், ஆரும் கிட்டப் போறானா?" திருகோணமலையில் தேத்தண்ணிக் கடைக்கு வாற எல்லாருக்கும் இப்ப அணுக் கொள்கை தெரியும்.

உக்ரைன் கதையை நான் சும்மா தட்டிவிடப் போவதில்லை. பயங்காட்டித் தடுக்கலாம் என்பவர்களின் கையில் இருக்கிற கனமான வாதம் அதுதான். சோவியத் காலத்தில் தன் மண்ணில் மிஞ்சிய குண்டுகளை உக்ரைன் விட்டுக்கொடுக்க, அதன் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் 1994இல் புடாபெஸ்ட்டில் எழுத்தில் உறுதிமொழி கொடுத்தார்கள்; கொடுத்தவர்களில் ஒருவரான ரஷ்யாவே இருபது வருடத்தில் கிரிமியாவைப் பிடித்தது. ஆனால் அந்தக் குண்டுகளை ஏவும் அதிகாரம் மொஸ்கோவிடம்தான் இருந்தது என்பதை ஒருத்தரும் சொல்வதில்லை. சரி, அதையும் விடுவோம். பெரிய அயலவன் உள்ள நாடெல்லாம் குண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் பாடம் என்றால், அந்தப் பட்டியலில் நாங்களும் வருகிறோம். 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு!

எங்கட ஊருக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. பிரிட்டிஷ்காரன் இந்தத் துறைமுகத்தில் கடற்படைத் தளம் போட்டதும், சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்களைக் கட்டியதும் எதிரி பயந்து நிற்பான் என்றுதான். 1942 ஏப்ரல் 9 காலை யப்பான் விமானங்கள் வந்து கொட்டின. கிண்ணியாவில் வயல் செய்தவரோடும் மூதூரில் வலை இழுத்தவரோடும் யப்பானுக்கு என்ன கோபம்? தளம் இருந்தது, அதனால் குண்டு விழுந்தது. அதே நாள் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் தாண்டது. மிச்சக் கப்பற்படை பம்பாய்க்கும் கென்யாவின் கிளிண்டினிக்கும் விலகிப் போனது. துறைமுகமும் சனமும் இருந்த இடத்திலேயே இருந்தன. இன்றைக்கும் சிலர் அந்தக் குதங்களைப் பார்த்து, எங்கட ஊருக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று நெஞ்சு நிமிர்த்துகிறார்கள். அந்த முக்கியத்துவம்தான் எனக்குப் பயம்.

"சண்டையில் போட்டால்தானே பிரச்சினை, பரிசோதனையில் யாருக்கு என்ன?" என்பவர்கள் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் பலநாள் படகில் போகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்க்கட்டும். 1954 மார்ச் 1 அன்று பிக்கினித் தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றை வெடிக்க வைத்தது. ஐந்து ஆறு மெகாதொன் வரும் என்று கணக்குப் போட்டார்கள், பதினைந்து வந்தது. டைகோ புக்குரியு மரு என்ற யப்பானியப் படகு அப்போது சூரை பிடித்துக்கொண்டிருந்தது. போகக்கூடாது என்று அமெரிக்கா அறிவித்திருந்த எல்லைக்கு வெளியேதான் நின்றது. மேற்கே வானம் வெளிச்சது. சில மணி நேரத்தில் பவளப்பாறை எரிந்த, கதிர்வீச்சு ஏறிய வெள்ளைச் சாம்பல் மழைபோல் கொட்டத் தொடங்கியது. அவர்கள் உடனே ஓடவில்லை. மைல் கணக்கில் விட்ட தூண்டில் கயிறு கடலில் கிடந்தது; அதை இழுத்து முடிக்க மணிக்கணக்காகும். கடன்பட்டு வாங்கின சாமானைக் கடலில் விட்டுவிட்டு ஓடு என்றால் எங்கட கடற்றொழிலாளிதான் ஓடுவானா? சாம்பல் தலையிலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டிருக்க இழுத்து முடித்தார்கள். படகில் 23 பேர். படகின் வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா ஐகிச்சி அந்தச் செப்ரெம்பரில் இறந்தார்.

அந்தப் படகு கொண்டுவந்த மீன் சந்தைக்கும் போய்விட்டது. யப்பானில் மீன் வாங்கவே சனம் பயந்தது. தோக்கியோவின் சுகினாமிப் பகுதியில் பெண்கள் வீடுவீடாகக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் ஒகஸ்ட்டில் நாடு முழுக்கக் கையெழுத்து மூன்று கோடியைத் தாண்டியிருந்தது. அதே 1954 ஏப்ரலில் நேரு பரிசோதனையை நிறுத்திவைக்கச் சொன்னார். அந்த மாதக் கடைசியில் கொழும்பில் கூடிய ஐந்து ஆசியப் பிரதமர்களும் ஐதரசன் குண்டைப் பற்றிப் பேசினார்கள். 1963இல் காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் வெடிப்பதை நிறுத்த வல்லரசுகள் ஒப்புக்கொண்டன. கையெழுத்தால் என்ன நடக்கும் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பிரான்சும் சீனாவும் கேட்கவில்லை என்பதும் உண்மை. மற்றவர்கள் பரிசோதனையை நிலத்துக்கடியில் கொண்டுபோனார்கள் என்பதும் உண்மை.

இனிக் கலாம் ஐயாவுக்கு வருவோம், எப்படியும் யாராவது இழுக்கத்தான் போகிறீர்கள். 1998 மேயில் இந்தியா பொக்ரானில் அணுகுண்டை வெடித்துப் பார்த்தபோது எங்கட ஆக்களும் கைதட்டினார்கள், நம்ம தமிழன் என்று. அவருடைய ரொக்கெட் அறிவை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த மாதமே பாகிஸ்தானும் வெடித்தது, அடுத்த வருடமே கார்கில் சண்டை வந்தது. 2025 மேயில் நாலு நாள் மீண்டும் அடிபட்டார்கள். சண்டை நிற்கவில்லை, ஒவ்வொரு சண்டையும் எங்கே போய் முடியும் என்ற பயம் மட்டும் கூடியிருக்கிறது. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவின் பிரமோஸ் ஏவுகணையொன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானுக்குள் மியான் சன்னுவில் விழுந்தது. வெடிமருந்து இருக்கவில்லை, பாகிஸ்தான் திருப்பி அடிக்கவுமில்லை. அன்றைக்குக் காப்பாற்றியது எந்தத் தத்துவம்?

"தடை போட்டாலும் களவாக வெடிப்பான்" என்பது அடுத்த வாதம். வடகொரியா 2006 முதல் 2017 வரை வெடித்த ஆறையும் அணுப் பரிசோதனைத் தடை ஒப்பந்தத்தின் கண்காணிப்பு நிலையங்கள் நில அதிர்வை வைத்துப் பிடித்தன. அதே நிலையங்கள் 2004 டிசெம்பர் 26 சுமாத்திரா நிலநடுக்கத்தையும் பதிந்தன. அதைச் சுனாமி எச்சரிக்கை நிலையங்களுக்குக் கொடுக்கிற ஏற்பாடு அப்போது இருக்கவில்லை, பிறகுதான் வந்தது. நிலாவெளியில் ஆக்களைப் பறிகொடுத்த எங்களுக்கு அந்த நிலையங்களின் பெறுமதியை யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இலங்கை 2023 ஜூலையில் அந்தப் பரிசோதனைத் தடை ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தியது. செப்ரெம்பரில், குண்டை வைத்திருப்பதையே தடுக்கிற அணுவாயுதத் தடை ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. எங்கட பத்திரிகைகளில் எத்தனை பேர் படித்தீர்கள்? இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்கும் தீர்மானத்தை 1971இல் ஐ.நா.வுக்குக் கொண்டுபோனதும் இந்த நாடுதான். ஆனால் இந்தத் துறைமுகத்தை யார் பாவிக்கலாம் என்பது 1987இல் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் எங்கட ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் எழுதிக்கொண்ட கடிதத்தில் இருக்கிறது. ஊரில் ஒருத்தரையும் கேட்கவில்லை.

நியூசிலாந்து 1985இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றை வரவேண்டாம் என்றது, அணுகுண்டு இருக்கா இல்லையா என்று அமெரிக்கா சொல்ல மறுத்ததால். 1987இல் அதைச் சட்டமாகவும் ஆக்கியது. அமெரிக்கா கோபித்துப் பாதுகாப்புக் கூட்டிலிருந்து ஒதுக்கியது, நாடு மூழ்கவில்லை. நாங்கள் நியூசிலாந்து இல்லை, கடன்காரர். தெரியும். அதோடு இப்போது வருகிற கப்பல்களில் அநேகமானவற்றில் அணுகுண்டு இருக்காது; அமெரிக்காவே 1991இல் மேற்பரப்புக் கப்பல்களிலிருந்து அவற்றை எடுக்க முடிவுசெய்துவிட்டது. அப்படியென்றால் கேட்பதில் என்ன கஷ்டம்? எந்த நாட்டுப் போர்க்கப்பலும் நீர்மூழ்கியும் திருகோணமலைக்குள் வரமுன் அணுவாயுதம் இல்லை என்று எழுத்தில் தரவேண்டும் என்று அரசாங்கம் கேட்கிறதா, இல்லையா? எங்கட மாவட்ட எம்.பி.மார் பாராளுமன்றத்தில் இந்த ஒரு கேள்வியைப் போடட்டும். எழுதித் தர நான் ரெடி. மூன்று மொழியிலும்.