29,903 எழுத்துகளும் ஒரு நிமிடமும்

நேற்று ராத்திரி ஒரு சின்னக் கோப்பை இறக்கித் திறந்து பார்த்தேன். முப்பது கேபிதான் இருக்கும். காலையில் வாட்ஸப்பில் வருகிற பூப்படம் இதைவிடப் பெரிது. ஏடிடிஏஏஏஜிஜி என்று தொடங்கி, ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறிப் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. கடைசி வரியில் வெறும் ஏ, ஏ, ஏ. மொத்தம் 29,903 எழுத்துகள். நம் எல்லோரையும் வீட்டுக்குள் உட்காரவைத்த கொரோனா கிருமியின் முழு மரபணுத் தொடர், அதாவது அந்தக் கிருமியை உருவாக்கும் செய்முறைக் குறிப்பு.

இதன் முதல் வடிவம் வெளியானது 2020 ஜனவரி 11. ஷாங்காயில் வைரஸ் ஆய்வாளர் ஜாங் யோங்ஜென் குழுவுக்கு வூஹான் நோயாளியின் மாதிரி வந்தது ஜனவரி 3. இரவு பகல் பார்க்காமல் உழைத்து 5ஆம் தேதி அதிகாலையிலேயே தொடரைப் படித்து முடித்துவிட்டார்கள். ஆனால் அனுமதியில்லாமல் எதையும் வெளியிடக் கூடாது என்று அரசு உத்தரவு. 11ஆம் தேதி ஜாங் விமானத்தில் ஏறி உட்கார்ந்திருந்தபோது ஆஸ்திரேலியாவிலிருந்து அவருடன் சேர்ந்து வேலை செய்யும் விஞ்ஞானி எட்வர்ட் ஹோம்ஸ் தொலைபேசியில் பேசினார். வெளியிட்டுவிடலாமா? ஒரு நிமிடம் யோசிக்கக் கொடுங்கள் என்றார் ஜாங். அப்புறம் சரி என்றார். கோப்பு ஹோம்ஸ் கைக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, இணையத்தில் ஏறிவிட்டது.

இரண்டே நாளில் மருந்து நிறுவனமான மாடர்னாவும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமும் தடுப்பூசிக்கான தொடரை முடிவு செய்தன. அன்றைக்கு அமெரிக்காவில் ஒரு நோயாளிகூடக் கண்டறியப்படவில்லை. கிருமியைக் கண்ணால் பார்க்காமல், திரையில் இருந்த எழுத்தை வைத்தே வேலை தொடங்கியது. மார்ச் 16இல் முதல் பரிசோதனை ஊசி போட்டாயிற்று.

என் பிழைப்பே மென்பொருள்தான். விஞ்ஞானிகள் கூடி வேலை செய்ய என்ன புது வசதி செய்யலாம் என்று எங்கள் துறையில் ஓயாமல் பேசுகிறோம். ஆனால் முப்பது கேபியை அனுப்ப ஒரு நொடி போதும். 5ஆம் தேதிக்கும் 11ஆம் தேதிக்கும் நடுவில் போன நாட்களுக்குக் கணினி பொறுப்பல்ல.

சிக்கல் கணினியில் இல்லை, பகிர்வதில்தான் என்பது 1996லேயே சிலருக்குப் புரிந்திருந்தது. மனிதனின் முழு மரபணுத் தொடரையும் படிக்கக் கிளம்பிய மனித மரபணுத் திட்டத்தில் இருந்தவர்கள் பெர்முடா தீவில் கூடி, பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் சல்ஸ்டன் போன்றவர்கள் முன்நின்று, ஒரு விதி செய்தார்கள்: படித்த தொடரை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் போட வேண்டும். கட்டுரை அச்சாகும்வரை தரவைப் பூட்டி வைத்துப் பழகிய உலகத்தில் இது சாதாரணமான முடிவல்ல. அப்படிக் குவிந்த துண்டுகளை ஒட்டவைக்க, 2000இல் அமெரிக்காவின் சான்டா குரூஸில் ஜிம் கென்ட் என்ற மாணவர் நான்கே வாரத்தில் நிரல் எழுதினார். தனியார் நிறுவனம் முந்திக்கொண்டு மரபணுக்களுக்குக் காப்புரிமை வாங்கிவிடுமோ என்ற பதற்றம். தட்டித் தட்டி வீங்கிய மணிக்கட்டுக்கு ராத்திரியில் ஐஸ் வைத்துக்கொண்டு எழுதினாராம். ஓட்டியது நூறு சாதாரணக் கணினிகளில். அந்த ஜூலையிலேயே யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்துவிட்டார்கள்.

இங்கே நிலைமை என்ன? எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, மக்கள் வரிப்பணத்தில் எடுத்த நிலத்தடி நீர் அளவுகளைக் கேட்டு மூன்று மாதம் அலைந்தாள். கடைசியில் வந்தது கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். எண்களை ஒவ்வொன்றாகக் கையால் தட்டி ஏற்றினாள். எட்டா ஆறா என்று தெரியாத இடங்களில் மஞ்சள் தடவி வைத்திருந்ததை நானே பார்த்தேன். பொதுப்பணத்தில் எடுத்த தரவு, எடுத்த கையோடு, கணினி படிக்கிற வடிவில் பொதுவுக்கு வர வேண்டும். தராதவருக்கு அடுத்த நிதி கிடையாது என்று எழுதியே வைக்கலாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கொடுத்தவரைக் காப்பாற்றவும் ஏற்பாடு வேண்டும். தொடர் வெளியான மறுநாளே ஜாங்கின் ஆய்வகத்தை மூடச் சொன்னார்கள். 2024இல் ஆய்வகத்தைக் காலி செய்யச் சொன்னபோது, அவர் அதன் வாசலிலேயே படுத்துத் தூங்கினார்.