பள்ளிக்கூட வாசலில் காற்றை அளக்க வேண்டும்

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை பிற்பகலில் திருவொற்றியூரிலுள்ள ஒரு தனியார் பள்ளியின் பிள்ளைகள் தொண்டை எரிகிறது, மூச்சு அடைக்கிறது, தலை சுற்றுகிறது என்று அடுத்தடுத்துச் சொல்லத் தொடங்கினார்கள். சிலர் மயங்கி விழுந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்தார்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினர் வந்தார்கள், நடமாடும் காற்று ஆய்வு வாகனமும் வந்து நின்றது. விடுமுறைக்குப் பிறகு நவம்பர் 4-ஆம் தேதி பள்ளியைத் திறந்த அன்றே மேலும் சில பிள்ளைகள் அதே தொல்லைகளோடு மருத்துவமனைக்குப் போனார்கள். அது என்ன வாயு, எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெற்றோரின் மனம் ஏற்கும்படியான பதிலை நான் இதுவரை கேட்கவில்லை.

வடசென்னையில் பிள்ளை வளர்க்கும் ஒருவனாக இதை எழுதுகிறேன். யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கம் அல்ல. பிள்ளைகள் எந்த இடத்தில், எந்த நேரத்தில் மூச்சு விடுகிறார்களோ, அந்த இடத்தில் அந்த நேரத்தில் காற்றை அளக்கும் ஏற்பாடு நமக்கு இல்லை என்பதையும், அது இருந்தாக வேண்டும் என்பதையும் மட்டுமே சொல்ல வருகிறேன்.

எங்கள் பகுதியின் அமைப்பைத் தெரியாதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூருக்கு மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் பெட்ரோ வேதிப்பொருள் ஆலைகளும் உர ஆலையும் இருக்கின்றன. வடக்கே எண்ணூரில் அனல் மின் நிலையங்களும் துறைமுகமும் இன்னோர் உர ஆலையும் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ஆம் ஆண்டே மணலியை மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. விடியற்காலையில் தரைக்காற்று ஆலை வாடையைச் சுமந்துகொண்டு மணலிப் பக்கமிருந்து கடலை நோக்கி வரும். பகலேறிக் கடற்காற்று எழுந்ததும் அதே வாடை மணலிக்கே திரும்பிப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வாடைக்காற்று வீசினால் எண்ணூரின் முறை. மாலையில் துணி எடுக்க மாடிக்குப் போகும் பெண்கள் "கம்பெனிக்காரன் கேஸைத் திறந்துட்டான், புள்ளைங்களை உள்ள கூப்பிடு" என்று அடுத்த மாடிக்குக் குரல் கொடுப்பது எங்கள் தெருக்களில் சாதாரணம். சன்னல் கம்பியைத் துடைத்தால் துணியில் கறுப்பாக ஒட்டும். மறுநாள் துடைத்தாலும் ஒட்டும்.

இப்போது அளவீட்டுக்கு வருகிறேன். நம் நாட்டின் காற்றுத் தர நெறிகள் 2009-இல் 12 மாசுகளுக்கு வரம்பு வகுத்தன. நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, அம்மோனியா, பென்சீன் போன்றவை அதில் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அந்தப் பன்னிரண்டில் இல்லை. மக்கள் 'கேஸ் வாடை' என்று எதை முறையிடுகிறார்களோ, அதைப் பெரும்பாலும் அந்தப் பட்டியல் தொடுவதே இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு ஓரளவுக்கு மேல் போனால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போய்விடும். ஆகவே "இப்போது வாடை இல்லையே" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவது விசாரணை ஆகாது.

இரண்டாவது சிக்கல் சராசரி. அம்மோனியாவுக்கு 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம் வரை அனுமதி. ஒரு நாளில் ஒரே ஒரு மணி நேரம் மட்டும் 4,000 மைக்ரோகிராம் வீசி, மீதி 23 மணி நேரமும் 50 மட்டுமே இருந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த நாளின் சராசரி 215-க்குள் அடங்கிவிடும். வரம்பைப்போல் பத்து மடங்கு அம்மோனியாவைப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் சுவாசித்த அந்த நாளுக்குக் காற்றுத் தரக் குறியீட்டில் அம்மோனியாவின் பங்கு 'திருப்திகரம்' என்றே வரும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஆலைப்பகுதியில் வாயு வருவது வீச்சு வீச்சாகத்தான். நாள் முழுவதும் சீராக வருவதில்லை. பள்ளி நடக்கும் நேரத்தின் பதினைந்து நிமிடக் கணக்கைத் தனியே பார்க்காதவரை அந்த வீச்சு எவர் கண்ணிலும் படாது.

இத்தனைக்கும் வாரியத்தின் தானியங்கிக் காற்று அளவீட்டு நிலையங்களாவது நாள்தோறும் இயங்குகின்றன. ஆட்கள் வந்து வடிதாள் மாற்றி அளக்கும் நிலையங்களில் விதிப்படி வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் அளந்தால் போதும். மற்ற நாட்களில் நடந்தது நடந்ததுதான்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் கடலோரத்தில் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாய் கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதிகாலையில் வாரியத்தினர் ஆலை வாசலில் அளந்தபோது அம்மோனியா 2,090 மைக்ரோகிராம் இருந்தது. அந்த எண் கிடைத்ததால்தான் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் பேச ஓர் ஆதாரம் இருந்தது. மக்கள் ஓடிய அந்த முதல் நேரத்தில் குப்பத்துக் காற்றில் எவ்வளவு இருந்தது என்பதற்கோ எந்தப் பதிவும் இல்லை. திருவொற்றியூர் பள்ளியிலும் இதேதான் நடந்தது. வாகனம் வந்து அளப்பதற்குள் காற்று திசை மாறியிருக்கும்; காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலே இல்லை என்று சொல்வதற்கு ஒப்பானது அது. கருவியில் ஒன்றும் பதிவாகவில்லை என்றால் பிள்ளைகள் மேல்தான் சந்தேகம் திரும்புகிறது. பயம், வதந்தி, சாப்பிடாமல் வந்திருப்பார்கள் என்றெல்லாம் பேச்சு கிளம்புகிறது. மருத்துவமனைக் கட்டிலில் ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருக்கும் பிள்ளையின் தாயிடம் போய் இதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

கடலூர் மக்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சிப்காட் ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004-ஆம் ஆண்டு வாடை வந்த நேரத்திலேயே வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள்களும் அதில் இருப்பது தெரிந்தது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த ஆலைப் பக்கமிருந்து, என்ன மாதிரி வாடை என்று குறிப்பேடும் எழுதி வைத்தார்கள். மீனவர்களும் விவசாயிகளும் செய்த இந்த வேலையைப் பள்ளிக்கூடங்களில் செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை.

கடையில் கிடைக்கும் மலிவான கருவி ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தூசியை மட்டுமே ஒளியால் கணிப்பவை. கடலோர ஈரக்காற்றில் கூட்டிக் காட்டிவிடும். வாயுவை அறியவே மாட்டா. வாரியத்தின் நிலையத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த, ஹைட்ரஜன் சல்பைடு, கந்தக டை ஆக்சைடு, அம்மோனியா, பென்சீன் முதலியவற்றையும் காற்றின் திசையையும் சேர்த்து அளக்கும் கருவி வேண்டும். அதன் செலவைப் பெற்றோரோ பள்ளியோ அல்ல, அரசும் ஆலைகளும்தான் ஏற்க வேண்டும். அதிக மாசு உண்டாக்கும் ஆலைகள் தங்கள் புகைபோக்கியில் இடைவிடாக் கண்காணிப்புக் கருவி வைக்க வேண்டும் என்று மத்திய வாரியம் 2014-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவையும் பள்ளியின் பதிவையும் நிமிடத்துக்கு நிமிடம் பொருத்திப் பார்த்தால், எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஊகம் தேவைப்படாது.

எண்ணை வெளியிட்டால் பீதி பரவும், சேர்க்கை குறையும் என்று பள்ளி நிர்வாகங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் பீதி ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் காலையில் சீருடைக்கு மேல் முகக்கவசத்தையும் மாட்டித்தான் அனுப்புகிறோம். எண் தெரிந்தால், எந்த அளவில் சன்னல்களை மூட வேண்டும், எந்த அளவில் காற்றுக்குக் குறுக்காகப் பிள்ளைகளை வெளியேற்ற வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி தரலாம்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் வடசென்னைப் பெற்றோர் ஒவ்வொருவரும் பள்ளியில் காற்றை அளக்கும் கருவி வேண்டும் என்பதைத் தீர்மானமாக எழுதித் தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வாடைக் குறிப்பேட்டுக்கு அனுமதி தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும், அதை நாளைக்கே வகுப்பாசிரியரின் மேசையில் வைத்துவிடலாம்.