வாசலில் நின்ற அக்கா

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, அப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததும் நாங்கள் முதலில் செய்தது ஜன்னலைச் சாத்தியதுதான். இருமல் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே! முந்தைய வருடம் வியாசர்பாடியில் எங்கள் தெருமுனை வீட்டைத் தகரம் வைத்து அடைத்ததைப் பார்த்த பயம் யாருக்கும் போகவில்லை.

தினமும் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க வரும் அக்கா அன்றும் வந்தார். "யாருக்காவது காய்ச்சல், சளி?" என்றார். "யாருக்கும் இல்லை" என்றார் அம்மா. அக்கா நகரவில்லை. "ரெண்டு நாளா அப்பாவை வாசல்ல காணோமே?" என்று கேட்டார். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா அப்பாவின் விரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டினார். 96. எங்களுக்கு அப்பாடா என்று இருந்தது, அவருக்கு இல்லை. "ஆறு நிமிஷம் வீட்டுக்குள்ளேயே நடங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனில் நேரம் பார்த்தபடி நின்றார். நாலாவது நிமிடம் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். மறுபடி மாட்டினால் 91. மூச்சு முட்டுவதே தெரியாமல் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிவிடுவது இந்த நோயின் குணம். உட்கார்ந்து பார்த்தால் பல சமயம் பிடிபடாது. அவரே 108-க்குப் போன் செய்தார். வண்டி வரும் வரை அப்பாவைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார். பதினோரு நாள் கழித்து அப்பா வீடு திரும்பினார்.

டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நாம் பட்ட கடன் பெரியது. ஆனால் காய்ச்சலை ஒளித்து வைத்திருந்த என் வீடு மாதிரியான வீடுகளை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது அக்காவைப் போல வீடு வீடாக வந்த பெண்கள்தான். தெர்மல் ஸ்கேனர் யார் கையிலும் இருக்கலாம். அப்பா வழக்கமாக எங்கே உட்காருவார் என்பது அதே தெருவில் தினமும் நடப்பவருக்குத்தான் தெரியும். தனிமையில் இருந்த வீடுகளுக்குப் பாலும் சர்க்கரை மாத்திரையும் வாங்கிக் கொடுத்தது, ராத்திரி பத்து மணிக்குப் போன் எடுத்தது, இதெல்லாம் எந்தப் படிவத்திலும் வராது.

அலை ஓய்ந்ததும் அவருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆத்திரமே அதில்தான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். பிபி, சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆனால் அதைக் கொண்டுவரும் பெண்களும் தன்னார்வலர் என்ற பெயரில் ஊக்கத்தொகைக்குத்தான் உழைக்கிறார்கள். 2022-இல், கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. அவர்கள் நிலைமையும் அதேதான். விருது சரி, மாதச் சம்பளமும் பணி நிரந்தரமும் எப்போது? அடுத்த தொற்று வந்த பிறகு ஆள் எடுத்தால், அவர் தெருவைத் தெரிந்துகொள்வதற்குள் எத்தனை பேரை இழப்போம்?

அந்த அக்கா இப்போது ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். போன வாரம் மார்க்கெட்டில் பார்த்தேன். நான் வாய் திறப்பதற்குள் கேட்டார்: "அப்பாவுக்கு மாடி ஏறும்போது மூச்சு வாங்குதா தம்பி?"