பட்டை உரித்தவர்களைத் திட்டும் முன்

அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் மரம், அடியில் நாலு பேர், கையில் கத்தி, பட்டையை உரிக்கிறார்கள். பின்னணியில் சோக இசை. "வேலியே பயிரை மேய்கிறது" என்று தலைப்பு வேறு, வனத்துறையே சரக்கொன்றையைக் கொல்கிறதாம். கீழே பொறுமையாக விளக்கம் எழுதியவர்களுக்குக் கிடைத்த பட்டம் 'மரவெட்டிகளின் கைக்கூலி'. சரி, அந்தக் கூலியை வாங்கிக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில், அது நம்ம சரக்கொன்றை இல்லை. சரக்கொன்றையின் பூங்கொத்து சரம் சரமாகக் கீழே தொங்கும். ஒரு காம்பில் நாலு முதல் எட்டு ஜோடி அகன்ற சிற்றிலைகள் இருக்கும். வீடியோவில் இருக்கிற மரத்தில் பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கிறது. சிற்றிலைகள் சிறியவை, கூர் முனை கொண்டவை, பத்து ஜோடிக்கும் மேல். இது சென்னா ஸ்பெக்டாபிலிஸ். வெப்பமண்டல அமெரிக்காவின் மரம். அழகுக்கும் நிழலுக்கும் என்று கொண்டுவந்து நட்டார்கள். இன்று முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு எங்கும் பரவிக் கிடக்கிறது. அடர்ந்து நிற்கும் தோப்புக்குள் போய்ப் பாருங்கள். தலைக்கு மேலே பச்சை, காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. புல் இல்லை, நெல்லிக்கன்று இல்லை, வேங்கைக்கன்று இல்லை. புள்ளிமான் அங்கே என்னத்தைத் தின்னும்? செல்ஃபியையா?

பச்சையாக இருப்பதெல்லாம் காடு இல்லை. இதை எத்தனை முறை சொல்வது என்று தெரியவில்லை.

"அதற்காக இப்படிச் சித்திரவதை செய்துதான் கொல்ல வேண்டுமா, வெட்டிவிட்டுப் போகலாமே?" வெட்டிப் பாருங்கள். ஒரு மரம் இருந்த இடத்தில் அடிக்கட்டையிலிருந்து கற்றையாகத் துளிர் கிளம்பும். அதனால்தான் நெஞ்சுயரத்திலிருந்து தரைவரை பட்டையைச் சுற்றிலும் உரிக்கிறார்கள். இலை சமைத்த உணவு உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். விரலகலப் பட்டை ஒட்டியிருந்தாலும் போதும், அதுவே பாலமாகி மரம் பிழைத்துக்கொள்ளும். பல இடங்களில் வேலை கெட்டுப்போவது இங்கேதான். சரியாக உரித்தால் வேர் பட்டினி கிடந்து, மரம் நின்றபடியே மெல்லக் காயும். நடுவில் அடியில் துளிர் விடும், அதைத் திரும்பத் திரும்ப வந்து கிள்ள வேண்டும். சிறு கன்றுகளை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். வறண்ட மண்ணில் இழுத்தால் பாதியில் அறுந்து, மிச்சம் மறுபடி முளைக்கும்.

உண்ணிச்செடி (லண்டானா) கதையும் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுச்செடியாக வந்து இறங்கியது. கொண்டைக்குருவி பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் போட்டது. மேலே மேலே வெட்டினால் இன்னும் அடர்ந்து வரும், தீ வைத்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். டெல்லி பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழு காட்டிய வழி எளிமையானது. மண்ணுக்குக் கீழே 3, 4 சென்டிமீட்டரில், தண்டும் வேரும் சேரும் முடிச்சுக்கு அடியில் ஆணிவேரை வெட்டுவது. பிறகு புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் போடுவது. தண்டு ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் அங்கேயே வேர் பிடிக்கும், அதற்காகத்தான் கவிழ்ப்பது. பழம் பழுப்பதற்கு முன்பே முடிக்க வேண்டும். முடித்த கையோடு அந்த இடத்தில் உள்ளூர்ப் புல் விதை தூவ வேண்டும். வெற்றிடமாக விட்டால் அடுத்த மழைக்குப் பார்த்தீனியம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"ஆக்சிஜன் தருகிறதே" என்கிறவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. காகித அட்டையில் பச்சை மை பூசி வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

"இயற்கையை அதன் போக்கில் விடுங்கள்." இது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து நட்டது இயற்கையா? ஒருவர் வைத்த வினையை இன்னொருவர் எடுக்கப் போனால் மட்டும் இயற்கை நினைவுக்கு வருகிறது.

"வெட்டிய மரம் காகித ஆலைக்குப் போகிறது, எல்லாம் காசுக்குத்தான்." இதில் பாதி நியாயம் இருக்கிறது. டன் கணக்கில் மரம் எடுக்கிறவர் பெருத்த மரத்தைத்தான் எடுப்பார், விரல் தடிமன் கன்றைக் குனிந்து பிடுங்க மாட்டார். ஜேசிபி இறங்கினால் மண் கிளறி, உள்ளே உறங்கும் விதையெல்லாம் ஒரே நேரத்தில் எழும். அதைக் கேளுங்கள். இரண்டாம் ஆண்டு பராமரிப்புக்கு ஒப்பந்தத்தில் இடம் உண்டா என்று கேளுங்கள். தமிழ்நாடு அரசு 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்கக் கொள்கையே வெளியிட்டது. அதை வைத்துக்கொண்டு கேட்கலாமே. யாரும் கேட்கவில்லை. சோக இசைதான் போடுகிறார்கள்.

இன்னொரு கூட்டம் விதைப்பந்தோடு கிளம்பிவிட்டது. நீலகிரி உச்சியில் 'வெறும் புல்லாக' இருக்கிறதாம், மரம் வைக்கப் போகிறார்களாம். ஐயா, புல்வெளிதான் அங்கே காடு. சோலை பள்ளத்தில் இருக்கும், புல் மேட்டில் இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் ஓடைக்கு நீர் விடுகின்றன. வரையாடு மேய்வது அந்தப் புல்லில்தான். தோடர்கள் கோயிலுக்குக் கூரை வேய்கிற அவுல் புல்லும் அங்கே ஈரமான சதுப்பில் வளர்கிறது. அந்த மேட்டில் சீகையையும் (வாட்டில் மரம்) தைலமரத்தையும் நட்டதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறோம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், ஒரு தீ பட்டால் மொத்தமாக முளைக்கும். இப்போது அதன் மேல் விதைப்பந்து. நல்ல மனசுதான், யார் இல்லை என்றது.

எனக்கு உண்மையில் உறைத்தது வேறு. அந்த வீடியோவில் கத்தி பிடித்திருப்பவர்களை 'கொலைகாரர்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். வேலை தெரிந்த கை அது, பார்த்தாலே தெரிகிறது. இந்த வேலையைப் பெரும்பாலும் காட்டோரத்து மக்கள்தான் செய்கிறார்கள். கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலைப் பழங்குடிகளான சோளகர்கள் முன்பு கோடை முற்றுவதற்குள் சருகுக்கு மட்டும் சிறு தீ வைப்பார்கள், 'தரகு பெங்கி' என்று பெயர். சருகு எரியும், மரம் நிற்கும். தீயைத் தடை செய்த பிறகுதான் உண்ணிச்செடி இப்படிப் பெருகியது என்பது அவர்கள் கணக்கு. இன்று அந்தப் புதரில் தீ பிடித்தால் ஏணி வைத்தது போல உச்சிக்கிளை வரை ஏறுகிறது. யார் காட்டைத் தெரிந்தவர், யார் தெரியாதவர்?

2006 வன உரிமைச் சட்டம் 3(1)(ஐ) பிரிவு, தங்கள் காட்டைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் அந்த மக்களுக்கு உரிமை தருகிறது. தினக்கூலிக்குப் பட்டை உரிக்க மட்டும் இல்லை. கூடலூர்ப் பக்கம் உண்ணிச்செடிக் குச்சியில் ஆளுயரத்துக்கும் மேலான யானைச் சிற்பங்கள் செய்து லண்டன் பூங்காக்கள்வரை அனுப்பியவர்களும் இதே மக்கள்தான். அதைப் பகிர்ந்தபோது இதயக்குறி போட்டவர்கள், அந்தக் குச்சி எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்க மாட்டார்கள்போல.

வீடியோ எடுத்தவருக்கு ஒரு அழைப்பு. அடுத்த மழைக்குப் பிறகு, வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அதே மரத்தடிக்குப் போங்கள். உரித்த இடத்துக்குக் கீழே துளிர் விட்டிருக்கும், சுற்றிலும் முழங்கால் உயரக் கன்றுகள் நூறாவது நிற்கும். அடியோடு பிடித்து, நேராக மேலே இழுக்க வேண்டும். கையுறை எடுத்துப் போங்கள்.