1740-இல் ஏது எல்லிஸ் தீவு?

“1740-இல் ஜெர்மனியிலிருந்து வந்த மூதாதையின் ‘முல்லர்’ என்ற பெயரை எல்லிஸ் தீவு அதிகாரிகள் ‘மில்லர்’ ஆக்கிவிட்டார்கள்” என்றொரு குடும்பக்கதை அமெரிக்காவில் சுற்றுகிறது. தவறு. நியூயார்க் துறைமுகத்திலுள்ள அந்தத் தீவில் குடியேற்ற நிலையம் திறந்ததே 1892-இல். அங்கும் கப்பல் நிறுவனம் தந்த பயணிகள் பட்டியலைத்தான் சரிபார்த்தார்கள், புதுப்பெயர் சூட்டவில்லை.

1740-களில் ஜெர்மானியர் பெரும்பாலும் இறங்கிய துறைமுகம் பிலடெல்பியா. 1727 முதல் அங்கே 16 வயது நிரம்பிய அயல்நாட்டு ஆண்களிடம் பிரிட்டிஷ் மன்னருக்கான விசுவாசப் பிரமாணம் வாங்கினார்கள். எழுதத் தெரியாதவர்களின் பெயரை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் வருவது இப்படித்தான். உங்கள் மூதாதைதானா என்றறிய, நில ஆவணத்திலோ உயிலிலோ உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுங்கள்.

மனைவி, பிள்ளைகளின் பெயரைத் தேட தேவாலய ஞானஸ்நானப் பதிவேடே நல்ல வழி. 1790 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத்தலைவர் பெயர் மட்டுமே இருக்கும்.