அறுபதுக்கு மேல் அனுமதி இல்லை

சதுரகிரி மகாலிங்கம் கோயிலுக்கு மலையேற அனுமதி என்று செய்தி வரும்போது அடியில் ஒரு வரி சேர்ந்து வருவதைக் கொரோனா காலத்திலிருந்து பல தடவை பார்த்துவிட்டேன். 10 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் அனுமதி இல்லை. தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஓய்வு பெறுகிற வயதும் 60. "ரிட்டயர் ஆகட்டும், சாவகாசமா சதுரகிரி போவோம்" என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருக்கிற பாதிப் பேருக்குத் தாணிப்பாறை அடிவாரத்திலேயே பதில் காத்திருக்கிறது.

விதியைக் குறை சொல்ல மாட்டேன். மலைவழியில் குறுக்கிடுகிற மாங்கனி ஓடை மழைநாளில் எப்படி மாறும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 2015 மே மாதம் திடீரென்று வந்த வெள்ளத்தில், சாமி கும்பிடப் போன சிலர் வீடு திரும்பவே இல்லை. முட்டி மடங்காத ஒருவரை அந்த நேரத்தில் அக்கரைக்குத் தூக்கிக் கடத்துவது நடக்கிற காரியமா? என் சண்டையெல்லாம் அந்த "ரிட்டயர் ஆகட்டும்" என்ற பேச்சோடுதான்.

அந்தத் தேதியே ஒரு இடத்தில் நிற்பதில்லை. 2020 மே வரை 58. அப்புறம் 59. 2021 பிப்ரவரியில் 60. எங்கள் செக்‌ஷனில் ஒரு சார், 58 முடிந்த கையோடு காசி, கயா, ஹரித்துவார் என்று மனசுக்குள் டிக்கெட் போட்டு வைத்திருந்தார். இரண்டு வருஷச் சம்பளம் கூடுதலாக வந்ததில் அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை, யாருக்குத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு வருஷத்துக்குள் சுகர் கண்ணைப் பிடித்துவிட்டது. இப்போது மகன் வீட்டு மாடிப்படியே அவருக்குப் பெரிய ஏற்றம்.

கயிலாயக் கணக்கு இதைவிடக் கறார். வெளியுறவு அமைச்சகம் நடத்துகிற மானசரோவர் யாத்திரைக்கு வயது 18-லிருந்து 70-க்குள் இருக்கவேண்டும், உயரத்துக்கேற்ற எடையைச் சொல்கிற பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டக் கூடாது. மலையைச் சுற்றி வருகிற வழியில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல் என்பதால் அதிலும் நியாயம் இருக்கிறது. 2020-ல் நின்றுபோன யாத்திரை 2025 ஜூனில்தான் மறுபடி தொடங்கியது. 2020-ல் 66 வயதில், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றிருந்தவருக்கு வழி திறந்தபோது வயது 71.

ஓய்வுக்குப் பிறகு ஊர் சுற்றுவது என்கிற இந்த யோசனை நம் மதுரைப் பக்கத்தில் எத்தனை நாள் பழக்கம் என்று யோசித்திருக்கிறீர்களா? வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் வயல்வேலை பார்க்கிறவருக்கு ஓய்வு என்று ஒரு தேதியே கிடையாது. ஆனாலும் அவர்கள் போகாத இடமா? தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடை. சித்திரையில் கூடு கட்டிய மாட்டுவண்டியில் பிள்ளைகுட்டிகளோடு அழகர் பின்னாலேயே மதுரை வரை. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி. வேலை ஓய்கிற மாதங்களைப் பார்த்து, பயணத்தை அந்தந்த வருஷத்துக்குள்ளேயே போட்டு வைத்திருந்தார்கள். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி இன்றைக்கும் பழனிக்கு நடந்துதான் போகிறது. மாதச் சம்பளமும் பென்ஷனும் வந்த வீடுகளில்தான் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளுகிற புத்தி வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை: 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த எங்களுக்குப் பழைய பென்ஷனே கிடையாது. பென்ஷன்காரர்களின் கனவை மட்டும் வாரிசுரிமையில் வாங்கிக்கொண்டோம்.

லீவுக் கணக்குக்கு வருகிறேன். ஈட்டிய விடுப்பில் வருஷத்துக்கு 15 நாளைச் சரண்டர் பண்ணிக் காசாக்கலாம். கொரோனாவில் நிறுத்திவைத்த அந்தச் சரண்டர் 2025 அக்டோபரில் திரும்பி வந்தபோது எங்கள் ஆபீசுக்கு முன்கூட்டியே தீபாவளி. ஓய்வு பெறும்போது 240 நாள் வரை பணமாக வாங்கலாம் என்பதால் லீவைத் தொடாமல் வைத்திருப்பதே சாமர்த்தியம் என்று பேராகிவிட்டது. அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கும் இல்லை, மகளின் காலேஜ் ஃபீசுக்கு அதுதான் நிற்கிறது. நான் கேட்பது தற்செயல் விடுப்பைப் பற்றி. வருஷத்துக்கு 12 நாள், விற்கவும் முடியாது, அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. காதுகுத்து, புதுவீடு, பூப்புனித நீராட்டு என்று மொய் எழுதியே அது தீர்ந்துவிடுகிறது. ஊரைப் பார்க்க மட்டும் லீவு எடுத்தால் அதை ஒரு காரணமாகவே யாரும் ஏற்பதில்லை. ஒருமுறை எங்கள் அதிகாரியிடம் இப்படி நடந்தது.

"ஏம்மா, திங்கக்கெழம எதுக்கு லீவு?"

"மேகமலை போறோம் சார்."

"அங்க யாரு இருக்கா?"

யாருமில்லை என்றேன். பிறகு எதுக்குப் போறீங்க என்று அவர் கேட்கவில்லை, ஆனால் லீவு லெட்டரை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம். வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனால் ஓய்வு அவருக்கு. நமக்கு, பகல் பதினொரு மணிக்கும் காபி கேட்க வீட்டில் ஆள் ஒன்று கூடும். அது பழகுவதற்குள் மகள் பிரசவம், மருமகள் பிரசவம். எங்கள் பெரியம்மா டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருக்கும்போது ராமேஸ்வரம் தாண்டியதில்லை. ஓய்வுக்கு அப்புறம் அமெரிக்கா போய்த் தங்கிவிட்டு வந்தார். "என்ன பாத்தீங்க பெரியம்மா?" என்று ஆசையாகக் கேட்டால், "டிஷ்வாஷர்ல பாத்திரம் அடுக்கப் படிச்சேன்டி" என்றார். பனி பெய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவது? பட்டுப்புடவையை நல்ல நாளுக்கென்று பீரோவில் மடித்தபடியே வைத்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் எடுத்து உதறி வேறு மாதிரி மடித்து வைப்பார். அந்தக் கரிசனத்தில் பாதியைத் தன் முழங்காலுக்குக் காட்டியிருந்தால் நானும் அவரும் கொடைக்கானலையாவது நடந்து சுற்றியிருப்போம்.

சரி, நாம் காத்திருக்கத் தயார் என்றே வையுங்கள். மலை காத்திருக்குமா? கீழவளவு பக்கம் போய்ப் பாருங்கள், கிரானைட்டுக்காக அறுத்தெடுத்த குன்றுகள் இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் பள்ளங்கள். 2010-ல் யானைமலையையே செதுக்கிச் சிற்ப நகரமாக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. நரசிங்கம், ஒத்தக்கடை மக்கள் எதிர்த்து நின்றதால் மலை தப்பித்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக நடக்கிற பசுமை நடை அந்த நேரத்தில்தான் முளைத்தது. அரிட்டாபட்டி கதை அதைவிடப் புதிது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தார்கள். சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் தொட்டுக்கொண்டு 2,015 ஹெக்டேருக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்துவிட்டது என்று செய்தி. 2025 ஜனவரியில் மேலூர் பக்கத்து ஜனங்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து தமுக்கம் வரை நடந்தே வந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு, பாறையைக் குடைந்த பாண்டியர் காலத்துச் சிவன் கோயில், அதில் சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் லகுலீசர் சிற்பம், மேலே வட்டமிடுகிற லகர் வல்லூறு என்கிற வேட்டைப் பறவை, இத்தனையும் மாட்டுத்தாவணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். போராட்டச் செய்தியை டிவியில் பார்த்து உச்சுக்கொட்டிய மதுரைக்காரர்களில் அந்தப் பாறையில் ஏறி நின்றவர்கள் எத்தனை பேர்?

நான் இப்படிப் பேசினால் ரீல்ஸ் பார்த்துக் கெட்டுப்போனேன் என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி இருக்கிறது. வேலையை விடு, பையைத் தூக்கு, வாழ்க்கை ஒரு முறைதான் என்று சொல்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். அவர்களுக்குத் திரும்பி வந்தால் சோறு போட அப்பா வீடு இருக்கிறது. வீட்டுக்கடன் தவணையும் அடகில் நகையும் வைத்திருப்பவள் அப்படித் தூக்க முடியாது. வேலையை விடவும் வேண்டாம், வேலை முடியட்டும் என்று உட்காரவும் வேண்டாம். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளில் நிற்கிற பெண்களுக்கு நான் சொல்வது எதுவும் பொருந்தாது என்பதும் தெரியும். அவர்களுக்கு உட்கார ஒரு இருக்கை கொடுக்கச் சொல்வதற்கே 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. லீவும் காலும் இருந்தும் போகாதவர்களோடுதான் என் வழக்கு.

பயம் ஒன்று உண்டு, அதைச் சிரித்துத் தள்ள மாட்டேன். 2018 மார்ச் 11, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலை. அந்தக் காட்டுத்தீயில் கருகியவர்களில் பெரும்பாலோர் இளவயதுக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் இறங்கித் திங்கட்கிழமை வேலைக்குப் போக நினைத்தவர்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ட்ரெக்கிங் என்று வாயைத் திறந்தாலே அம்மாக்கள் முகம் மாறிவிடும். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கிற சரிவில் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அதனால்தான் அனுமதி, உள்ளூர் ஆள், காலம் இந்த மூன்றிலும் நான் பிடிவாதம். 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. இணையத்தில் பதிவு பண்ணினால் அந்தந்த மலையடிவாரத்துப் பிள்ளைகளே கூட வருகிறார்கள். 2025-ல் தீக்காலம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடியும் வைத்தார்கள். குடும்பத்தோடு போனால் கட்டணம் கையைக் கடிக்கும். ஆனால் ஒரு கல்யாணத்துக்கு எழுதுகிற மொய்யை நினைத்துப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

எடுத்த எடுப்பிலேயே குரங்கணி ஏறச் சொல்லவும் இல்லை. கீழக்குயில்குடிக்கு டவுன் பஸ் போகிறது. அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் தாண்டிச் சமணர் மலையில் படி ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு. வெயில் ஏறுமுன் இறங்கி வந்து ஆலமரத்தடியில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு வீட்டில் இருக்கலாம், ஞாயிறு கறிக்குழம்பும் கெடாது. இன்னும் கொஞ்ச தூரம் என்றால் மதுரையிலிருந்து போடி ரயில். அகலப் பாதையாக்க 2010 கடைசியில் நிறுத்தியது, தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூனிலும்தான் திரும்ப வந்தது. ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி நுழைகிறபோது எந்தப் பக்க ஜன்னல் நல்லது என்று எங்கள் வீட்டில் இன்னும் தகராறு தீரவில்லை.

தை முடியுமுன் எங்கள் தெருப் பெண்கள் சிலர் சிறுமலைக்குக் கிளம்புகிறோம். ஆண்கள் யாரும் வரவில்லை, கூப்பிடவும் இல்லை. திண்டுக்கல்லில் இறங்கி அங்கிருந்து பஸ், 18 கொண்டை ஊசி வளைவு. வாந்தி மாத்திரை, புளிச்சாதம், யார் வீட்டுப் பிள்ளை யார் வீட்டில் இருப்பது, எல்லாம் பேசி முடித்தாயிற்று. போய் வந்த அக்கா தங்கச்சிகள் யாராவது இருந்தால், மேலே பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது, கீழே இறங்கக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இந்த இரண்டை மட்டும் சொல்லுங்கள். குரங்குத் தொல்லையைப் பற்றி எல்லாரும் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.