விழிப்புணர்வு இல்லையாம் எங்களுக்கு

நேத்துல இருந்து அந்த கிளிப்ப ஆளாளுக்கு அனுப்பிட்டே இருக்கீங்க, தயவுசெஞ்சு நிறுத்துங்க, பார்த்துட்டேன். மருத்துவ முகாம்ல மைக்க பிடிச்சுக்கிட்டு "இந்த மக்களுக்கு எத்தன தடவ சொன்னாலும் ஏறாது"ன்னு ஒருத்தர் பேசுறாரு, முன் வரிசையில உக்காந்திருக்க அம்மா தலைய குனிஞ்சுக்கிறாங்க, கேமரா அவங்க முகத்துக்கே போகுது. இதுக்குக் கீழ சிரிப்பு ஸ்மைலி வேற. இன்னும் பார்க்காதவங்க தேடிப் போய் பார்க்காதீங்க, முகத்தக்கூட மறைக்காம போட்டிருக்காங்க.

எங்கள மாதிரி சிறுபான்மை சமூகத்துல பொறந்தவங்களுக்கு இது புதுசு இல்ல. எது நடந்தாலும் "விழிப்புணர்வு இல்ல"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. ஊசி போட வரலையா, விழிப்புணர்வு இல்ல. நோய் முத்துனப்புறம் வந்தாங்களா, விழிப்புணர்வு இல்ல. நான் திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணுதான், எங்களுக்கு விஷயம் தெரியாம இல்ல, உங்க மேல நம்பிக்கை இல்ல. அந்த நம்பிக்கை சும்மா போகல, போனதுக்குக் காரணம் இருக்கு.

காரணம் கேப்பீங்கல்ல, கேளுங்க. அமெரிக்காவுல டஸ்கீகிங்கிற ஊர்ல 1932ல இருந்து 1972 வரைக்கும், நாப்பது வருஷம், அரசாங்கத்தோட பொது சுகாதாரத் துறையே கறுப்பின ஆம்பளைங்க 600 பேர் வரைக்கும் சேர்த்துச்சு, அதுல ஏறக்குறைய 400 பேருக்கு சிபிலிஸ்ங்கிற பால்வினை நோய் இருந்துச்சு. "உங்களுக்கு கெட்ட ரத்தம், வைத்தியம் பாக்குறோம்"னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க. நோய விட்டா உடம்புல என்ன ஆகும்னு பார்க்கத்தான் கூப்பிட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. 1940கள்லயே அந்த நோய குணப்படுத்துற பென்சிலின் மருந்து வந்தாச்சு, குடுக்கல. பத்திரிகையில வெளிய வந்தப்புறம்தான் நிறுத்துனாங்க, ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்பு கேட்டது 1997ல. இப்ப அந்தக் குடும்பத்துல ஒரு பாட்டி "ஊசி வேணாம்பா"ன்னு சொன்னா அது அறியாமையா? 2011ல பாகிஸ்தான்ல பின்லேடன தேடுறதுக்காக அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ. தடுப்பூசி முகாம்னு பொய் சொல்லி ஆள் அனுப்புச்சு. அதுக்கப்புறம் போலியோ சொட்டு மருந்து குடுக்கப் போன பொண்ணுங்கள சுட்டுக் கொன்னாங்க. கொன்னத நான் எந்த ஜென்மத்துலயும் நியாயப்படுத்த மாட்டேன், ஆனா சந்தேகத்த வெதச்சது யாருன்னும் சேர்த்துக் கேக்கணும்ல.

"அதெல்லாம் எங்கயோ நடந்தது, உனக்கு என்ன வந்துச்சு"ன்னு கேப்பாங்க. சரி, என் வீட்டுக்கே வரேன்.

என் பெரியம்மாவுக்கு மார்புல கட்டி. மாசக்கணக்கா யார்கிட்டயும் சொல்லல. மார்பகப் புற்றுநோய்னு ஒண்ணு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? டிவியில பார்த்திருக்காங்க, நோட்டீஸ் வாங்கி வீட்டுல பத்திரமா வச்சிருந்தாங்க. அப்புறம் ஏன் போகல? அதுக்கு முன்னாடி வேற ஒரு விஷயத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாங்க. அங்க சீட்டு எழுதுனவங்க இவங்க முகத்தப் பார்த்து ஒரு வார்த்த பேசல, துணைக்குப் போன என் தம்பிகிட்ட "இவங்க ஆளுங்க எல்லாம் இப்படித்தான், கடைசி நேரத்துல வருவாங்க"ன்னு சொல்லியிருக்காங்க, பெரியம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க, காது நல்லாவே கேக்கும். அந்தச் சீட்ட நாலா மடிச்சு பர்சுக்குள்ள வச்சவங்கதான், மருந்துகூட வாங்கல.

கடைசியில அவங்கள சம்மதிக்க வச்சது எந்த பேனரும் இல்ல. எங்க சமூகத்துலயே நர்ஸா இருக்க ஒரு அக்கா வீட்டுக்கு வந்து, கட்டிய பத்தி ஒண்ணுமே கேக்காம பேரப்பசங்கள பத்தி ரொம்ப நேரம் பேசிட்டு, கெளம்பும்போது ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் "எனக்கு மட்டும் காட்டுங்க"ன்னாங்க, மறுநாள் அவங்களே கூட வந்தாங்க. ஆபரேஷன் ஆச்சு, இப்ப மாத்திரை போட்டுட்டு இருக்காங்க. முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு பெரிய ஆபரேஷன் வேண்டியிருக்காதுன்னு டாக்டர் சொன்னப்ப, எனக்கு அந்த சீட்டு எழுதுனவங்க சொன்ன வார்த்ததான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

"உங்க ஆளுங்களே வாட்ஸ்அப்ல வதந்தி பரப்புறாங்களே"ன்னு ஒரு அண்ணன் ஏற்கனவே போஸ்ட் போட்டுட்டாரு. ஆமா, பரப்புறாங்க. தடுப்பூசி போட்டா புள்ள பொறக்காதுன்னு பரப்புறவங்ககிட்ட நானே சண்ட போட்டிருக்கேன், இன்னமும் போடுறேன், அதுல எனக்கு எந்தத் தயவும் கிடையாது. ஆனா வதந்தி ஏன் இங்க வேர் பிடிக்குது? கேள்வி கேக்க மனுஷன் இல்லாத இடத்துல அதுதான் பதில் சொல்லுது, அதனால.

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே முகாம் நடத்துறோம், உங்களுக்கு மட்டும் தனி மரியாதையா"ன்னு கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. எல்லாருக்கும் கெடைக்கிற மரியாதை எங்களுக்கும் கெடைச்சிருந்தா இந்தப் பதிவே இருந்திருக்காது.

நல்லா செஞ்ச இடமும் இருக்குங்க, அதையும் சொல்லிடுறேன். லாஸ் ஏஞ்சல்ஸ்ல கறுப்பின ஆம்பளைங்க வழக்கமா முடி வெட்டுற 52 சலூன்ல ஒரு ஆய்வு நடந்துச்சு, முடிவு 2018ல வந்துச்சு. ரத்த அழுத்தம் அதிகமா இருந்த 319 பேர். ஒரு பாதி சலூன்ல முடி வெட்டுறவரு "டாக்டர பாருங்க, பழக்கத்த மாத்துங்க"ன்னு எடுத்துச் சொன்னாரு, இன்னொரு பாதியில ஃபார்மசிஸ்ட்டே சலூனுக்கு வந்து அழுத்தம் பார்த்து அங்கயே மருந்து எழுதிக் குடுத்தாரு. ஆறு மாசத்துல மேல் அளவு அறிவுரை சொன்ன இடத்துல 9 புள்ளி கொறஞ்சது, மருந்தோட வந்த இடத்துல 27 புள்ளி. அறிவுரைக்கும் அக்கறைக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பார்த்துக்கங்க. 2014ல மேற்கு ஆப்பிரிக்காவுல, பிணத்துல இருந்தும் தொத்துற எபோலா நோய் பரவுனப்பவும் இதேதான், சொந்தக்காரங்கள பக்கத்துல விடாம பிணத்த பையில கட்டித் தூக்கிட்டுப் போனப்ப ஜனங்க பிணத்த ஒளிச்சு வச்சாங்க, அந்த வருஷம் நவம்பர்ல உலக சுகாதார நிறுவனம் மதப் பெரியவங்களோட உக்காந்து பேசி, குடும்பம் பிரார்த்தனை பண்ண எடம் விட்டு, அதே சமயம் தொத்தாம அடக்கம் பண்ற முறைய எழுதுச்சு. அப்பவும் ஜனங்க அதே ஜனங்கதான், கேட்ட விதம்தான் மாறுச்சு.

இங்க என்ன நடக்குது? ஒரு நாள் வருவீங்க, பேனர் கட்டுவீங்க, கூட்டத்தோட போட்டோ எடுப்பீங்க, சர்க்கரை பார்ப்பீங்க, பிரஷர் பார்ப்பீங்க, "அதிகமா இருக்கு, கவனமா இருங்க"ன்னு சொல்லிட்டு வண்டி ஏறிடுவீங்க. கவனமான்னா எப்படி? எந்த ஆஸ்பத்திரி, எந்த ரூம், யார கேக்கணும், வேலைய விட்டுட்டு எத்தன நாள் அலையணும், அதுல எவன் என்ன பேசுவான்? இதுல ஒண்ணுக்காவது பதில் எழுதிக் குடுத்திருக்கீங்களா? முகாம் நடத்துறவங்க இதப் படிச்சா, அடுத்த தடவ எங்க பொண்ணுங்க ரெண்டு பேர வேலைக்கு எடுத்து, சம்பளம் குடுத்து, உங்க டீம்லயே வச்சுட்டு வாங்க. ரிசல்ட்ட வீட்டுக்கே கொண்டு வந்து குடுங்க. அளவு அதிகமா இருந்தவங்கள அடுத்த மாசம் தேடி வாங்க. கேமராவ மட்டும் வீட்டுல வச்சுட்டு வாங்க.